ரப்பர் பேண்டு போட்ட டப்பாக்கள்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் சட்டம். கரண்டியை இடம் மாற்றக் கூடாது என்பது நாத்தனாரின் சட்டம். வீட்டுக்காரராவது தன் சட்டத்தை வாடகை ஒப்பந்தத்தில் பதினோராவது வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நாத்தனாரின் சட்டத்துக்கு எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. குடிவந்த முதல் நாளே அமலுக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு லாரியிலிருந்து சாமான் இறங்கி முடியவில்லை, அதற்குள் நாத்தனார் வாசலை ஒட்டிய சமையலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது பழைய வீட்டுச் சமையலறை அப்படியே பெயர்ந்து வந்து உட்கார்ந்திருந்தது. அடுப்புக்கு வலப்பக்கம் முதலில் உப்பு, அடுத்தது சர்க்கரை, அதற்கடுத்தது தேயிலை. வாசல் கதவுக்கு இடப்பக்கம் தோள் உயரத்தில் வேன் சாவி மாட்டும் கொக்கி. சாப்பாட்டு மேசை சுவரோடு ஒட்டி, நான்கு நாற்காலிகளும் மேசைக்கு அடியில் தள்ளி. நாத்தனார் ஒவ்வொரு இடைவெளியையும் கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்ததைக் கதவு இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். இந்த அம்மாவுக்குப் பைத்தியமா என்றுதான் தோன்றியது.

அவளை அந்தக் குடியிருப்பில் மருந்துக்கடைக்காரி என்பார்கள். கடை அவளுடையதல்ல. பதினாறு வருடமாக அங்கே நின்று சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் எந்த மருந்து எந்தத் தட்டில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். லேபிள் இல்லாத பாட்டிலைக் கண்டால் அவளுக்குக் கை பரபரக்கும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த சமையலறையைப் பாருங்கள்: ஒரு டப்பா நெட்டை, ஒரு டப்பா குட்டை, ஒன்றிலும் பெயர் இல்லை, போதாக்குறைக்குக் கழுத்தில் பழைய ரப்பர் பேண்டுகள் வேறு. உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, தேயிலைக்கு மூன்று. காசு கொடுத்து வாங்காத எதையும் தூக்கிப் போட மனசு வராத ஜென்மம் என்று நாத்தனாரைப் பற்றி மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள்.

கணவன் பள்ளி வேன் ஓட்டுகிறான். இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறான், வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவனுடைய அக்காவான இந்த நாத்தனாரும் அதே வேனில்தான் வேலை. பிள்ளைகளைக் கைபிடித்து ஏற்றி இறக்குவார், அதனால் பிள்ளைகளுக்கு அவர் வேன் அத்தை. தையல் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவர், இரண்டு வருடத்துக்கு முன் அதைத் திடுதிப்பென்று விட்டுவிட்டுத் தம்பியின் வண்டியில் ஏறிக்கொண்டார். அக்காவும் தம்பியும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவதைப் பார்த்து எல்லோரும் மெச்சினார்கள். அவளும்தான் மெச்சினாள்.

இன்னொன்றையும் அவள் கடையில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். காலை டீ அவள் கணவன்தான் போடுவான். விடிந்தும் விடியாத இருட்டில், விளக்குகூடப் போடாமல், சத்தம் காட்டாமல், யாரையும் எழுப்பாமல் போட்டு வைப்பான். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று கடைக்கு வருகிற பெண்கள் பெருமூச்சு விட்டிருக்கிறார்கள்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தாள். சமையலறையைக் கொஞ்சம் மாற்றலாமா என்று கணவனிடம் கேட்டதற்கு, இப்போது இருப்பதே நன்றாகத்தானே இருக்கிறது என்று அவசரமாகச் சொன்னான். சட்டியும் பானையும் எங்கே இருந்தால் என்ன என்று ஆயுளில் ஒரு நாள் கவலைப்படாத மனிதன் அப்படிச் சொன்னதும் அவளுக்குச் சுருக்கென்றது. அக்கா சாவி கொடுத்திருக்கிறார், தம்பி ஆடுகிறான். சரி, ஆடட்டும் என்று விட்டுவிட்டு, ஆணி அடிக்காமல் என்னென்ன செய்யலாம் என்று ஒரு வாரம் போனில் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வாய்ப்புக் கிடைத்தது. வேனை வருடாந்தரச் சோதனைக்கு முன் பட்டறையில் விட்டுப் பழுது பார்க்க வேண்டும் என்று அக்காவும் தம்பியும் காலையிலேயே கிளம்பினார்கள். அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த முறை அவள் முறை.

அடுப்புக்குப் பின்னாலிருந்த கறை பிடித்த சுவரைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, ஓடு பதித்தது போன்ற ஒட்டுத்தாளை மேலிருந்து கீழாகக் குமிழி விழாமல் ஒட்டினாள். வீடு காலி செய்யும்போது உரித்தால் அடையாளம் தெரியாமல் வந்துவிடுமாம். டப்பாக்களைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, ஒரே அளவில் வாங்கி ஒளித்து வைத்திருந்த பதினெட்டுக் கண்ணாடி ஜாடிகளில் எல்லாவற்றையும் நிரப்பினாள். கடையில் மாத்திரைப் பெட்டிகளுக்கு எழுதுகிற அதே மணிமணியான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டினாள். வரிசையும் கடை வரிசைதான், அகர முதலாக: அரிசி, உப்பு, கடுகு என்று. ரப்பர் பேண்டுகள் குப்பைக்கூடைக்குப் போயின. அடுப்புத் திருகுகளில் யாரோ நகப்பூச்சைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காயவைத்திருந்தார்கள். மேடை விளிம்பில் இரண்டு இடத்தில் துணிப் பட்டி ஒட்டியிருந்தது. என்ன கண்றாவி இது என்று பழைய கத்தியால் அத்தனையையும் சுரண்டி எடுத்தாள்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில், வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால், லேபிள் கிழித்த குட்டிச் சொட்டு மருந்துப் பாட்டில் ஒன்று கிடந்தது. ஒரு மாதத்துக்கு முன்பும் அதைப் பார்த்து இது என்ன என்று கேட்டிருக்கிறாள். என்னோட காது மருந்தும்மா என்று நாத்தனார் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். கிழித்த லேபிளை நினைத்து அன்றைக்கே அவளுக்கு வயிறு எரிந்தது. இப்போது அழகாக ஒரு சீட்டு வெட்டி ‘காது மருந்து, அண்ணி’ என்று எழுதி ஒட்டி, மருந்துகளுக்கென்று வைத்த புதுப் பெட்டியில் சேர்த்தாள்.

மேசையை இழுத்து ஜன்னலோரம் போட்டாள். நாற்காலிகளைக் கோணலாக, உட்கார அழைப்பதுபோல வெளியே நகர்த்தினாள். தரையில் வாசல் வரை மஞ்சள் விரிப்பு. வாசலுக்குப் பக்கத்தில் வெங்காயம், உருளைக்கிழங்கு வைக்க மூன்றடுக்குச் சக்கரத் தட்டு. சாவிக் கொக்கியை உரித்துக் கொண்டுபோய் உள்ளே அலமாரிக்குப் பக்கவாட்டில் ஒட்டினாள். மணி ஐந்தானபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது. நின்று பார்த்தாள். பத்திரிகையில் வருகிற வீடு கெட்டது போங்கள். சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மா முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே என்று காத்திருந்தாள்.

அவர் முகம் போன போக்கைத்தான் அவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

வாசலில் முதலில் வந்தவன் கணவன். வெயிலிலிருந்து வந்தவன் வழக்கம்போல விறுவிறுவென்று உள்ளே கால் வைத்தான். முழங்கால் சக்கரத் தட்டில் மடாரென்று இடித்தது. வெங்காயம் உருண்டது. அவள் சிரித்தாள். அவன் ஓர் அடி தள்ளி நின்று, இடக்கையை நீட்டிக் கொக்கியில் சாவியை மாட்டினான். அங்கே கொக்கி இல்லை. சாவிக்கொத்து கீழே விழுந்து மஞ்சள் விரிப்பின் மேல் கிடந்தது, அவன் வலது பாதத்துக்கு வெளியே, பளிச்சென்று.

அவன் குனிந்தான். கால்களுக்கு நேர் முன்னால் தரையைத் தடவினான். இடப்பக்கம் தடவினான். மறுபடி முன்னால் தடவினான். தன்னைச் சிரிக்கவைக்க நடிக்கிறான் என்று நினைத்து அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நிமிர முயன்றவன் கோணலாக நின்ற நாற்காலி விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டு, பிடிமானம் தேடி மேசை இருந்த பழைய இடத்தில் கையை ஊன்றினான். அங்கே மேசை இல்லை. வெறும் காற்றில் கை ஊன்றி, பக்கவாட்டில் தடாலென்று விழுந்தான்.

அப்போதுதான் வாசலிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. அலறலோ, பதற்றமோ இல்லை. தினமும் செய்கிற வேலையைச் செய்கிற குரல் அது.

“வலது பக்கம், தம்பி. கால்லேருந்து ஒரு சாண்.”

அவன் கை நேராகப் போய்ச் சாவியை எடுத்தது.

அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குரலை அவள் கேட்டிருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் பள்ளி வேனிலேயே தொற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்து வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். இடது பக்கம் சைக்கிள், தம்பி. வலது பக்கம் ஒரு பொம்பளை இறங்குது, தம்பி. நாய் நிக்குது, இடது. வண்டி ஓட்டறது நீங்களா அவரா, அண்ணி என்று இவள் கிண்டல் செய்ததும் பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தன. நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மருந்துப் பெட்டியைத் திறந்து அந்தக் குட்டிப் பாட்டிலை எடுத்தாள். காது மருந்தை யாராவது குளிர்சாதனப் பெட்டியில் வைப்பார்களா? பதினாறு வருடமாக இந்த மூடியை, இந்த அளவை, இந்த வடிவத்தை வாரத்துக்கு நான்கு பேருக்கு எடுத்துக் கொடுக்கிறாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறவர்கள் விடுகிற சொட்டு. கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் கிளிப்பிள்ளை மாதிரி ஒன்று சொல்வாள்: ஒரு நாள்கூட விடாதீங்க, முதல்ல பக்கப் பார்வைதான் போகும், நேரா பார்த்தா எல்லாம் தெரியற மாதிரியே இருக்கும், அதனால கூட இருக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

கூட இருப்பவளுக்குத் தெரியவில்லை. பாட்டிலைத் திருப்பினாள். அவள் கையெழுத்தில் ‘காது மருந்து’ என்று இருந்தது. பதினாறு வருடத்தில் அவள் ஒட்டிய முதல் தப்பான லேபிள்.

அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். என் மூக்கையே பாருங்க, வேற எங்கயும் பார்க்காதீங்க என்றாள். மேசை மேலிருந்த மரக்கரண்டியை எடுத்து அவன் வலது காதுக்குப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். தெரிந்ததும் சொல்லச் சொன்னாள். கரண்டி கன்னத்தைத் தாண்டியது, கண்ணின் ஓரத்தைத் தாண்டியது. புருவத்தின் நடுவுக்கு வந்த பிறகுதான் அவன் இப்ப என்றான். இடப்பக்கம் கொண்டுபோனாள். இந்தப் பக்கம் கரண்டி வந்துகொண்டே இருந்தது. அவன் மூக்கில் இடிக்கப் போகிற சமயத்தில் இப்ப என்றான்.

கரண்டி அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அது எந்தப் பக்கம் விழுந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நாத்தனார் இன்னும் வாசலிலேயே நின்றார். கண் அவளையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. புது ஜாடிகளைப் பார்த்தது, திருகுகளைப் பார்த்தது, குப்பைக்கூடையில் கிடந்த ரப்பர் பேண்டுகளைப் பார்த்தது. வீடு எரிவதைப் பார்க்கிறவர் முகம் அப்படித்தான் இருக்கும். மூன்று மாதமாக அடுப்படி அதிகாரம் என்று நினைத்து எந்த அம்மாவோடு மல்லுக்கட்டினாளோ, அந்த அம்மா தன் தம்பியை இடறி விழாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது.

இருபத்தெட்டுப் பிள்ளைகள்.

“எத்தனை நாளா?” என்றாள்.

இரண்டு வருடம் என்று நாத்தனார்தான் சொன்னார். சொல்லத் தொடங்கியதும் கொட்டிவிட்டார். ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிற கண் மருத்துவமனைக்கு இருவரும் போனது, இருக்கிற பார்வையும் மெல்லப் போய்விடலாம், இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னது, வெளியே வந்து மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது, மறுநாள் தையல் கம்பெனியில் போய்க் கணக்கை முடித்துக்கொண்டது. பழைய வீட்டிலிருந்து பள்ளிக்கு ஏழு சந்திப்பு, இங்கிருந்து இரண்டுதான், அதற்காகவே இந்த வீட்டைத் தேடிப் பிடித்தது. தன் கடைக்குப் பக்கம் என்பதற்காக வீடு மாறினார்கள் என்று அவள் பூரித்துப் போயிருந்தாள். அதுவும் போயிற்று.

வருடா வருடம் கண் சோதனை உண்டே என்று கேட்டாள். அட்டையில் நேராகத்தானே எழுத்து இருக்கும், கடைசி வரி வரைக்கும் வாசித்துவிடுவேன் என்றான் அவன். அதைச் சொல்லும்போது அவன் குரலில் துளிப் பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் அவளை ஆத்திரப்படுத்தியது.

“பதினாறு வருஷமா மருந்துக்கடையில நிக்கறேன். எங்கிட்ட சொல்லணும்னு உங்களுக்குத் தோணலையா?”

“தோணுச்சு. உங்கிட்ட சொன்னா மறுநாளே வண்டியை நிறுத்திடுவே. அதான் சொல்லலை.”

இன்னும் நாலே மாதம் என்று நாத்தனார் கிட்டே வந்தார். பள்ளி வருடம் முடிந்ததும் தம்பி தானாகவே வேலையை விட்டுவிடுவான், மரியாதையாக மாலை போட்டு அனுப்புவார்கள், யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம். பக்கத்திலேயே தான் உட்கார்ந்திருக்கிறேனே, இரண்டு பக்கமும் தான் பார்த்துச் சொல்கிறேனே, இத்தனை நாளில் யாருக்காவது ஒரு கீறல் விழுந்திருக்கிறதா என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

பதினாறு வருடம் சீட்டு நீட்டுகிறவர்களின் முகத்தைப் பார்த்தவள் அவள். எதையாவது மறைத்தால் தெரிந்துவிடும்.

“என்ன நடந்துச்சு, அண்ணி?”

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். சொல்லிடுக்கா என்றான் அவன்.

போன மாதம். பச்சைப் பை மாட்டிக்கொண்டு வருமே, அந்தக் குட்டிப் பெண். அதை இறக்கிவிட்டு நாத்தனார் ஏறி உட்கார்ந்து சரி என்று சொல்லிவிட்டார். வண்டி நகர்ந்தது. அந்தப் பெண்ணின் தண்ணீர் பாட்டில் உருண்டு முன் சக்கரத்துக்குப் பக்கம் போயிருக்கிறது. அது திரும்பி ஓடிவந்து குனிந்திருக்கிறது. நாத்தனார் போட்ட அலறலில் வண்டி நின்றது. பிள்ளையின் தலைக்கும் வண்டிக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்பதை நாத்தனார் வாயால் சொல்லவில்லை. கையை விரித்துச் சாணாகக் காட்டினார்.

“நின்ன அப்புறமும் எனக்கு அது தெரியலை” என்றான் அவன். “அக்கா இறங்கித் தூக்கிக்கிட்டு வந்து நேரா காட்டின அப்புறந்தான் தெரிஞ்சது.”

அந்தப் பச்சைப் பைப் பெண்ணை அவளுக்குத் தெரியும். இருமல் மருந்து வாங்க அம்மாவோடு கடைக்கு வரும். ஆரஞ்சு ருசி வேண்டும் என்று அடம்பிடிக்கும். போன வாரம்கூட வந்தது. டிரைவர் மாமாவோட வீட்டு அத்தை என்று அம்மாவிடம் இவளைக் காட்டிச் சிரித்தது. பதிலுக்கு இவளும் சிரித்து ஒரு மிட்டாய் கொடுத்தாள். அதை நினைத்ததும் எழுந்து போய்ப் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்கு நேராகப் புது ஒட்டுத்தாள் ஒரு குமிழி இல்லாமல் மினுங்கியது. எவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறோம் என்று அந்த நேரத்திலும் மனசு ஒரு மூலையில் சொன்னது. மனசுக்கு வெட்கமே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் குப்பைக்கூடையைக் கவிழ்த்து ரப்பர் பேண்டுகளைப் பொறுக்கினாள். கழுவித் துடைத்துப் புது ஜாடிகளின் கழுத்தில் மாட்டினாள். உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, தேயிலைக்கு மூன்று. அகர வரிசையைக் கலைத்துப் பழைய வரிசையில் வைத்தாள். திருகுகளில் நகப்பூச்சுச் சொட்டு வைத்தாள், எது பெரிய அடுப்பு, எது சின்ன அடுப்பு என்று விரல் வைத்தால் தெரிகிற மாதிரி. மேசையைச் சுவரோரம் தள்ளி, நாற்காலிகளை அடியில் செருகினாள். சக்கரத் தட்டைப் படுக்கையறைக்கு நாடு கடத்தினாள். சாவிக் கொக்கியை வாசலுக்கு இடப்பக்கம், தோள் உயரத்தில் ஒட்டினாள்.

மேடை விளிம்பில் பட்டி எங்கே ஒட்ட வேண்டும் என்று தெரியாமல் நின்றபோது நாத்தனார் வந்தார். சாண் போட்டு இடம் காட்டினார். இருவரும் சேர்ந்து ஒட்டினார்கள். ஒரே அடுப்படியில் அவர்கள் சண்டை இல்லாமல் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். முடிந்ததும் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். நாலே மாசம்மா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும் என்றார். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். பாட்டிலில் இருந்த தப்பான சீட்டை உரித்துவிட்டு, ‘கண் மருந்து, இரவு ஒரு சொட்டு’ என்று எழுதி ஒட்டி, அதைக் குளிர்சாதனப் பெட்டியில் அவன் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்தாள். கொக்கியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை அவள் எழுந்து வந்தபோது சமையலறையில் விளக்கு இல்லை. அவன் நின்றுகொண்டிருந்தான். விரல் ஜாடிக் கழுத்தைத் தொட்டு இரண்டு ரப்பர் பேண்டை எண்ணி, சர்க்கரையைப் போட்டது. மூன்றை எண்ணி, தேயிலையைப் போட்டது. திருகைத் தடவித் தணித்தது. ஒரு துளி சிந்தவில்லை. எத்தனை விடியலில் இதைப் படுத்தபடியே காதால் கேட்டுப் பெருமைப்பட்டிருக்கிறாள். ஒரு நாளாவது எழுந்து வந்து பார்த்திருக்கக் கூடாதா?

“ஏங்க லைட் போட்டுக்கறதில்லை?” என்றாள்.

அவன் திரும்பவில்லை. டீயைக் கோப்பையில் ஊற்றினான். உள்விளிம்பில் விரல் வைத்து அளவு பார்த்தான்.

“பழகிக்கறேன்” என்றான்.

அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்குப் பக்கம் போய் நின்றாள். அழுகை வந்தது, அழுதாள். டாக்டரம்மா சொன்னது முழுவதும் தனக்குத் தெரியும் என்று இரண்டு வருடமாக அந்த மனிதன் தினமும் இருட்டில் நின்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். யாருக்கும் கேட்கவில்லை.

ஆறரை மணிக்கு அவன் சீருடை மாட்டிக்கொண்டு வந்தான். நாத்தனார் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய் வாசற்கதவைத் திறந்து நின்றார். ஜன்னலில் நல்ல வெளிச்சம் வந்திருந்தது. அவன் விறுவிறுவென்று நடந்து வந்து, சரியான இடத்தில் நின்று, வலக்கையைத் தோள் உயரத்துக்கு நீட்டினான். விரல் கொக்கியைத் தொட்டது. கொக்கியில் சாவி இல்லை.

“சாவி எங்க?” என்றான்.

அவன் கொக்கியின் மேலும் கீழும் சுவரைத் தடவினான். தரையைப் பார்த்தான், ஒரு இடம் பார்த்து, அடுத்த இடம் பார்த்து, குழாய் வழியாகப் பார்க்கிறவன்போல. பிறகு, “அக்கா, சாவி எந்தப் பக்கம்?” என்றான்.

நாத்தனாருக்குச் சாவி தெரிந்தது. வாயைத் திறந்தார். அவள் நாத்தனாரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்த அம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது, சொல் வரவில்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தம்பி கேட்டும் அக்கா சொல்லவில்லை.

“உங்க இடது கன்னத்துக்குப் பக்கத்துல இருக்கு. நாலு விரல் தூரம்” என்றாள் அவள். “நான் இங்கதான் நிக்கறேன். நீங்க வந்ததுலேருந்து இங்கதான் நிக்கறேன்.”

அவன் தலையை முழுவதுமாகத் திருப்பினான். முதலில் அவள் தோள் தெரிந்திருக்க வேண்டும், பிறகு மணிக்கட்டு, பிறகு அவள் விரலில் தொங்கிய சாவி. அதிர்ந்து ஓர் அடி பின்னால் போனான். இத்தனை நாள் சைக்கிள் என்றும் நாய் என்றும் அக்கா சொன்னதைக் கேட்டு ஒதுக்கி ஓட்டியவன், சொல்லாமல் விட்டால் தன் முகத்துக்குப் பக்கத்தில் என்ன நிற்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தான். பார்த்த கண் அகலவில்லை.

கை மெல்ல வந்தது. சாவியைப் பறித்துக்கொள்வான் என்று நினைத்து அவள் இறுக்கிப் பிடித்தாள். அவன் பறிக்கவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக் கண்டுபிடித்து, சாவியின் மேல் மடக்கி மூடினான்.

நாத்தனார் தோளிலிருந்த பையைக் கழற்றிச் சாப்பாட்டு மேசை மேல் வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். இன்னும் அரை மணியில் இருபத்தெட்டு வாசல்களில் பிள்ளைகள் வந்து நிற்கும். தன் போனை எடுத்து, பள்ளிக்கு விஷயத்தைச் சொல்லப் போகிறேன் என்றாள் அவள்.

“நீ வேணாம்” என்றான் அவன். “நானே சொல்றேன். நம்பரை மட்டும் நீ போட்டுக் குடு.”